ரம்புக்கனை ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு வாசல்

சபையார் எல்லோருக்கும் என் அன்பான வணக்கம். என் பெயர் எலிசபெத். கேகாலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால் வெட்டிப் பிழைத்தவள். பாஸ்டர் ஐயா பல தடவை என்னிடம், "உங்க சாட்சிய ஒரு நாள் சொல்லுங்கம்மா" என்று கேட்டிருக்கிறார். நான் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவேன். ஏனென்றால் என் சாட்சி, கர்த்தர் கேட்காமல் விட்ட ஒரு ஜெபத்தில் தொடங்குகிறது. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

1997-ஆம் வருடம். மழைக்காலம். எங்கள் மகன் ஜோயலுக்குக் காய்ச்சல் வந்தது. அவனுக்கு நாலு வயது. என் கணவர் தேவராஜ் அப்போது கொழும்பில், புறக்கோட்டையில் ஓர் இரும்புக் கடையில் வேலை செய்தார். கடையின் மேல் மாடியிலேயே மற்ற வேலையாட்களோடு படுத்துக்கொள்வார். மாதத்தில் ஒரு தடவைதான் வீட்டுக்கு வருவார். சில மாதங்களில் அதுவும் இல்லை. தோட்டத்து லயத்தில், வேலையாட்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், நானும், மூத்த மகள் நிர்மலாவும், ஜோயலும் மட்டும்தான்.

சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தேன். கைமருந்து கொடுத்தேன். பௌர்ணமி விடுமுறையான ஒரு போயா நாள் காலையில் பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை. தோட்டத்து லொறி வெளியே போயிருந்தது. நான் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ரப்பர் மரங்களுக்கு நடுவே பெரிய ரோட்டுக்கு ஓடினேன். நிர்மலா குடையோடு பின்னால் ஓடி வந்தாள். சறுக்கு மண். இரண்டு தடவை விழுந்தேன். பிள்ளை என் கழுத்தில் முகத்தை வைத்து மூச்சு விட்டான். நெருப்பு மாதிரிச் சூடு. "கர்த்தாவே, அவங்கப்பா வாற வரைக்குமாவது புள்ளய வெச்சிருங்க" என்று கத்திக்கொண்டே ஓடினேன். வேறு ஜெபம் எனக்கு வரவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர்மார் கைவிடவில்லை. தங்களால் ஆனதையெல்லாம் செய்தார்கள். மத்தியானம் அவன் போய்விட்டான்.

கொழும்புக்குப் போன் எடுத்தார்கள். போயா என்பதால் கடை பூட்டியிருந்தது. இவர் யாரோ கூட்டாளியைப் பார்க்கப் போயிருந்தார். செய்தி அடுத்த நாள்தான் கிடைத்தது. இங்கே மழை விடவேயில்லை. லயத்துக் காம்பராவுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. பிள்ளையை வைத்துக்கொண்டு காத்திருக்க முடியவில்லை. அடக்கம் செய்துவிட்டோம்.

அவர் நனைந்துகொண்டே வந்து வாசலில் நின்றார். என்னைப் பார்க்கவில்லை. நிர்மலாவைப் பார்த்து, "தம்பி எங்க?" என்று கேட்டார். அவள் கையை நீட்டி மேட்டைக் காட்டினாள். அவர் அழவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய், மழை கரைத்த மண்ணை அள்ளி அள்ளிக் குழியின் மேல் போட்டு அணைத்துக்கொண்டிருந்தார். இருட்டும்வரை அதையே செய்தார்.

அந்த வாரம் நிர்மலா ஒரு கேள்வி கேட்டாள். "அப்பா இருந்திருந்தா தம்பியத் தூக்கிக்கிட்டு வேகமா ஓடியிருப்பாருதானே அம்மா?"

எட்டு வயதுப் பிள்ளை. அவள் தலையை என் மடியில் சாய்த்துக்கொண்டேன். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அவர் காதிலும் விழுந்திருக்கும்.

வேலைக்குத் திரும்ப வேண்டிய நாள் வந்தது. அவர் பையைக் கட்டிவிட்டு மறுபடியும் அவிழ்த்தார். "எலிசு, இனிமே இப்புடி வேணாம். ஒண்ணா இருப்போம். எங்கயாச்சும் ஒரு எடம் பாத்து எல்லாரும் ஒண்ணா இருப்போம்" என்றார்.

தோட்டத்துக்கே திரும்பி வந்துவிடுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் மழை பெய்தால் பால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் அடுப்பு எரியாது. தோட்டத்துப் பள்ளிக்கூடமும் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கப்புறம் நிர்மலாவின் கையிலும் பால் வாளியைத்தான் கொடுக்க வேண்டும். எங்களுக்கு வேண்டியது வேறு ஓர் இடம். அப்பா காலையில் வேலைக்குப் போய், பொழுது சாய வீட்டுக்கு வந்துவிட வேண்டும். மகளுக்குத் தமிழில் ஒரு பள்ளிக்கூடம் வேண்டும். அவசரத்துக்கு ஓர் ஆஸ்பத்திரி வேண்டும். பயமில்லாமல் பிள்ளை வாசலில் நிற்க வேண்டும். சண்டை நடந்த அந்தக் காலத்தில் எங்களைப் போன்ற தமிழர்களுக்கு அது சின்ன ஆசை இல்லை. உங்களில் பலருக்கு அது தெரியும்.

அப்போது எனக்கு ஜெபம் வருவதில்லை. உட்காருவேன், வாய் திறக்காது. கோபம்தான் இருந்தது. ஒரு நாள் வெட்டு முடிந்து, மரத்தடியில் நின்று சிரட்டையில் இருந்த பாலை வாளியில் ஊற்றும்போது எனக்கே தெரியாமல் வாய்விட்டுச் சொன்னேன்: "ஆண்டவரே, மகனக் கேட்டேன், தரல. இப்ப ஒரு வாசல் கேக்குறேன். பொழுது சாயும்போது அந்த மனுசன் வந்து ஏறுற வாசல். அதையாச்சும் தாங்க." அவ்வளவுதான். ஆமென்கூடச் சொல்லவில்லை.

முதலில் கொட்டாஞ்சேனையில் ஓர் அறை பார்த்தோம். ஒடுங்கிய சந்து, மாடிப்படி, மேலே ஒரே அறை. "கடைக்கு நடந்தே போயிறலாம்" என்று இவர் சொன்னார். அறையில் ஒரு ஜன்னல்தான். அதற்கு அந்தப் பக்கம் ஒரு சுவர். நிர்மலா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, "அம்மா, இங்க மழ பேஞ்சா நமக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். பக்கத்து அறையில் இருந்த ஒரு அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தங்கச்சி, இங்க அடிக்கடி வந்து கதவத் தட்டுவாங்க. ஆம்பளைங்களக் கொண்டுபோனா எந்தப் பொலிஸ்னு நாமதான் தேடித் திரியணும். சின்னப் புள்ளையோட வராதிங்க" என்றார். அவருடைய கணவரும் அப்போது பொலிஸ் காவலில்தான் இருந்தார். நாங்கள் படியிறங்கி வந்துவிட்டோம்.

அடுத்தது வத்தளை. அங்கே எல்லாம் இருந்தது. தமிழ்ப் பள்ளிக்கூடம், சபை, ஆஸ்பத்திரி, புறக்கோட்டைக்கு நேரே பஸ். வீட்டுக்காரர் முற்பணம் எவ்வளவு என்று சொன்னார். இவர் குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு வந்துவிட்டோம்.

பிறகு கம்பஹா. ஸ்டேஷனில் இருந்து நடக்கும் தூரம். தென்னை மரங்களுக்கு நடுவே சின்ன வீடு, கிணறு, சுற்றி வேலி. நிர்மலா கேட்காமலேயே கிணற்றடிக்கு ஓடிவிட்டாள். வீட்டுக்காரர் வயதானவர், நல்ல மனிதர். பிளேன்டி, பால் இல்லாத தேநீர், கொடுத்தார். நாங்கள் தோட்டத்தில் சிங்களம் பேசிப் பழகியவர்கள். அதனால் நாங்கள் தமிழர் என்று அவருக்கு முதலில் தெரியவில்லை. கடைசியாக இவருடைய பெயரைக் கேட்டார். "தேவராஜ்" என்றார் இவர். அந்த ஐயாவின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. உள்ளேயிருந்து அவருடைய மனைவி கூப்பிட்டார். திரும்பி வந்து, "அப்பிட்ட கரதர எப்பா, புத்தே" என்றார். எங்களுக்குத் தொந்தரவு வேண்டாம், மகனே என்று அர்த்தம். மழை தூறியது. கேட் வரைக்கும் அவரே எங்களுக்குக் குடை பிடித்துக்கொண்டு வந்தார். திட்டி அனுப்பியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

அன்றைக்கு ரயிலில் திரும்பி வரும்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தேன். ஒபிஸ் முடிந்து போகிறவர்களால் பெட்டி நிறைந்திருந்தது. ஸ்டேஷன் ஸ்டேஷனாக ஆட்கள் இறங்கினார்கள். பெட்டி காலியாகிக்கொண்டே வந்தது. ரம்புக்கனையில் ரயில் நின்றுவிட்டது. அந்த ரயில் அதற்கு மேல் போகாது. தோட்டத்துக்கு நாங்கள் அங்கேதான் பஸ் மாற வேண்டும். மிச்சம் இருந்தவர்கள் அவசரமில்லாமல் இறங்கினார்கள். ஒருவர் கையில் பாண் ரொட்டி, ஒருவர் கையில் பிள்ளைக்கு வாங்கிய ஒரு சோடி சப்பாத்து. இவர் ஒரு ஆளை நிறுத்தி, தினமும் கொழும்புக்குப் போய் வருகிறீர்களா என்று கேட்டார். "ஆமா மாத்தயா" என்று அவர் சொன்னார். "காலையில கோச்சி இங்க இருந்துதான் கெளம்பும். அதனால உக்கார எப்பவும் எடம் கெடைக்கும். தூங்கிட்டே போய்க் கோட்டை ஸ்டேஷன்ல முழிப்பேன்." சிங்களத்தில் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

எல்லோரும் போன பிறகும் இவர் மேடையிலேயே நின்றார். "எலிசு, இத்தன நாளா நம்ம இங்க வெறும் பஸ்தானே மாறுனோம்?" என்றார். "இங்கேயே இருந்துட்டா என்ன?"

நான் மலைப் பக்கம் பார்த்தேன். எங்கள் தோட்டம் அங்கிருந்து ஒரு பஸ் தூரம். நினைத்தால் போய் ஜோயலின் குழிமேட்டில் புல் பிடுங்கிவிட்டு வந்துவிடலாம். கொழும்பில் இடம் தேடிய நாட்களில் எல்லாம் பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டுப் போகிறோமே என்று எனக்குள் ஒரு குத்தல் இருந்தது. யாரிடமும் அதைச் சொல்லவில்லை. கர்த்தரிடம்கூடச் சொல்லவில்லை. கேட்காததையும் அவர் அன்று கணக்கில் எடுத்துக்கொண்டார் என்று இன்று நம்புகிறேன்.

ஆனால் ஊர் கிடைத்தால் வீடு கிடைத்துவிடுமா? ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் போய்க் கேட்டோம். பெயரைச் சொன்னதும் வீடு ஏற்கனவே கொடுத்தாயிற்று என்பார்கள். கடைசியில் ஸ்டேஷன் அருகில் தேநீர்க்கடை வைத்திருந்த ஒருவர், "ரயில் பாதையத் தாண்டி சோமாவதின்னு ஒரு அம்மா இருக்காங்க. முன்பக்கம் ரெண்டு காம்பரா சும்மா கெடக்கு. ஆனா அவங்க மகன் ஆமியில. கேக்குறது உங்க இஷ்டம்" என்றார்.

ஆமி, அதுதான் இராணுவம், என்றதும் இரண்டு பேரும் தயங்கித் தயங்கித்தான் போனோம். இவர் வேலிக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். நான் மட்டும் உள்ளே போனேன். சோமா அம்மா முற்றத்தில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார். புருஷன் இல்லாதவர். ரயில்வேயில் வேலை செய்து இறந்துபோனவராம். சுவரில் சீருடையோடு மகனுடைய படம். பெயர் நிமல். நான் சுற்றி வளைக்கவில்லை. அதற்குத் தெம்பும் இல்லை. "அம்மா, நாங்க தமிழ் ஆளுங்க, தோட்டத்து ஆளுங்க. வேணாம்னா இப்பவே சொல்லிருங்க, போயிர்றோம்" என்று சிங்களத்தில் சொன்னேன்.

அவர் மிளகைக் கிளறிக்கொண்டே, "ஸ்டேஷன் பக்கத்துல ஏன் வீடு தேடுறீங்க?" என்று கேட்டார்.

நான் ஜோயலைப் பற்றிச் சொன்னேன். அவன் அப்பா வருவதற்குள் மண் போட்டுவிட்டதைச் சொன்னேன். மகள் கேட்ட கேள்வியைச் சொன்னேன். அழக்கூடாது என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

சோமா அம்மா மிளகைக் கிளறுவதை நிறுத்தினார். பிறகு, "துவே" என்றார். மகளே என்று அர்த்தம். "என் பையன் வவுனியாவில இருக்கான். சாயங்காலக் கோச்சி கூவும்போதெல்லாம் ஆரோ வாற மாதிரி இருக்கும். எந்திரிச்சுப் பாப்பேன். ஆரும் இல்ல. ஒரு ஆம்பள தெனமும் இந்த வாசல்ல ஏறி வந்தா, அது எனக்கும் நல்லதுதான். வெளிய நிக்கிற மனுசனக் கூப்பிடு. வெயில்ல நிக்கிறார்."

இப்படித்தான் அந்த வாசல் கிடைத்தது. வாடகை எவ்வளவு என்றுகூடக் கேட்காமல் இவர் வேலியோரமாகவே உட்கார்ந்துவிட்டார்.

நிர்மலாவை மாவனல்லைப் பக்கம் ஒரு முஸ்லிம் பாடசாலையில் சேர்த்தோம். தமிழில் படிப்பு அங்கேதான் இருந்தது. மற்ற இடங்களைப் போல அங்கேயும் ஏதாவது கேட்பார்கள் என்று பயந்துகொண்டு போனேன். அதிபர், "புள்ளைக்குத் தமிழ் வாசிக்க ஏலுமா?" என்று கேட்டார். வாசித்துக் காட்டினாள். "அது போதும்" என்றார். முக்காடு போட்ட பிள்ளைகளுக்கு நடுவே என் மகள் ஒருத்தி மட்டும் ரிப்பன் கட்டிய தலையோடு போய் வந்தாள். அவளை யாரும் ஒதுக்கவில்லை.

இவர் விடியுமுன்னே முதல் ரயிலுக்குப் போவார். பொழுது சாய வருவார். சில நாள் ரயில் தாமதமாகும். ஆனால் வருவார். சந்தோஷமாக இருந்தோம் என்று சொன்னால் பொய். சாப்பாடு போடும்போது இன்னும் ஒரு தட்டை எடுத்துவிட்டுத் திரும்ப வைப்பேன். ஆனால் மூன்று பேரும் ஒரே கூரைக்குக் கீழே படுத்தோம். அது போதும் என்று இருந்தது.

1999-இல் ஒரு நாள் கொழும்பில் குண்டு வெடித்தது என்று ரேடியோவில் சொன்னார்கள். சாயங்கால ரயில் வந்தது. அவர் வரவில்லை. அடுத்த ரயிலும் வந்தது. வரவில்லை. ஜெபம் செய்ய முழங்காலில் நின்றேன். பயம் என்ன தெரியுமா? முன்பு கேட்டபோது கர்த்தர் இல்லை என்றாரே, இப்போதும் இல்லை என்பாரோ என்ற பயம். அந்தப் பயத்தோடுதான் கேட்டேன். விசுவாசத்தோடு கேட்டேன் என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன்.

விடிந்ததும் சோமா அம்மா வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றார். கையில் ஒரு சோற்றுப் பார்சல். "வா துவே, முதல் கோச்சிக்குப் போகலாம்" என்றார். நிர்மலாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். கடையில் விசாரித்தோம். ஸ்டேஷனுக்கு வரும் வழியில் சோதனையில் பிடித்துக்கொண்டு போனதாகச் சொன்னார்கள். இரண்டு பொலிஸ் ஸ்டேஷன்களில் இல்லை என்றார்கள். மூன்றாவது இடத்தில் கம்பிக்கு அந்தப் பக்கம் அவருடைய சட்டை தெரிந்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். சோமா அம்மாதான் மேசைக்கு முன்னால் போனார்.

"இவர் உங்களுக்கு யார்?" என்று அதிகாரி கேட்டார்.

"அப்பே கெதற மனுஸ்ஸயெக்" என்றார் சோமா அம்மா. எங்கள் வீட்டு ஆள். அவ்வளவுதான் சொன்னார்.

அந்த அதிகாரி அவரை மேலும் கீழும் பார்த்தார். தமிழனுக்கு எதற்குப் பரிந்து பேசுகிறீர்கள் என்று கேட்டார். சோமா அம்மா கோபப்படவில்லை. "என் மகன் சண்டைக்குப் போயிருக்கான். அவன் இல்லாத வீட்டுல சாயங்காலம் எனக்கு ஒரு பேச்சுத் துணை இந்த மனுசன்தான். என்ன விசாரிக்கணுமோ விசாரிங்க. நான் இந்தப் பிள்ளையோட வந்தேன். இவங்க ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டுத்தான் போவேன்" என்று சொல்லிவிட்டு அங்கிருந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டார். மத்தியானம் ஆகியும் எழும்பவில்லை. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து மனசுக்குள் ஜெபித்துக்கொண்டே இருந்தேன். வெயில் இறங்கும் நேரம் பெயரைக் கூப்பிட்டார்கள். இவர் வெளியே வந்தார்.

திரும்பி வரும் ரயிலில் மூவரும் ஒட்டி உட்கார்ந்து வந்தோம். இவருடைய கன்னம் வீங்கியிருந்தது. சோமா அம்மா பார்சலை அவிழ்த்துக் கொடுத்தார். இவர் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார், வாயில் வைக்க முடியவில்லை. வீட்டு வாசலில் நிர்மலா நின்றாள். ஓடி வந்து அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு விடவேயில்லை. அவளைத் தூக்கிக்கொண்டுதான் அவர் படியேறினார். அப்போதுதான், ஜோயல் போன பிறகு முதல் தடவையாக, அவர் அழுததை நான் பார்த்தேன்.

இத்தோடு முடித்தால் நல்ல சாட்சி. ஆனால் இத்தோடு முடியவில்லை.

அடுத்த வருடம் ஒரு ஆமி ஜீப் வந்தது. நிமலைக் காணவில்லை என்று சொன்னார்கள். இறந்துவிட்டான் என்று சொல்லவில்லை. காணவில்லை. சவப்பெட்டியும் வரவில்லை. ஊரார் கூடினார்கள். எங்களைப் பார்த்த பார்வை மாறியது. நாங்கள் துணிமணியை மூட்டை கட்டிவிட்டோம். ஒருவர் முற்றத்தில் நின்று, "இன்னும் இவங்கள வெச்சிருக்கீங்களே, அக்கே" என்று கேட்டது எங்கள் காதில் விழுந்தது. சோமா அம்மா எழும்பி எங்கள் பக்கம் வந்து, மூட்டையைப் பார்த்துவிட்டு, "துவே, எனக்கு யாராவது கொஞ்சம் தேத்தண்ணி ஊத்தித் தாங்களேன்" என்றார். நான் அடுப்பைப் பற்ற வைத்தேன். மூட்டையை அன்று இரவே நிர்மலா அவிழ்த்துவிட்டாள்.

இப்போது 2009. சண்டை முடிந்துவிட்டது என்கிறார்கள். நிர்மலா தாதியாகப் பயிற்சி பெறுகிறாள். இவர் நரைத்த தலையோடு இன்னும் அதே காலை ரயிலில்தான் போகிறார், பொழுது சாய வருகிறார். கேட்ட வாசலை எனக்குக் கர்த்தர் தந்தார். அதற்கு நான் சாகும்வரை நன்றி சொல்வேன். ஆனால் ஒவ்வொரு நாளும் என் மனுசன் அந்த வாசலில் ஏறும்போது, சோமா அம்மா உள்ளே இருந்து எழும்பி எட்டிப் பார்க்கிறார். இவர் என்று தெரிந்ததும் சிரித்து, "வந்துட்டீங்களா மகனே" என்று கேட்கிறார். அப்புறம் உட்கார்ந்துவிடுகிறார். சண்டை முடிந்த பிறகு எத்தனையோ காரியாலயங்களுக்கு அவரோடு நானும் போனேன். யாருக்கும் தெரியவில்லை.

முன்பெல்லாம் என் பிள்ளை, என் புருஷன், என் வீடு என்றுதான் ஜெபிப்பேன். இப்போது அப்படி முடியவில்லை. சோமா அம்மா பன்சலையில், அவர்களுடைய புத்த கோயிலில், எங்கள் பெயரைச் சொல்லி விளக்கு வைக்கிறார். நான் இங்கே அவருடைய மகன் பெயரைச் சொல்லி மண்டியிடுகிறேன். ஒன்பது வருடமாகப் பதில் இல்லை. இல்லை என்ற பதிலும் இல்லை.

உங்களில் யாராவது இன்று, கேட்டும் கிடைக்காத ஒன்றை நெஞ்சில் வைத்துக்கொண்டு வந்திருப்பீர்கள். வாய் வராமல் உட்கார்ந்திருப்பீர்கள். உங்களுக்குத்தான் நான் எழும்பி நின்றேன். கோபமாக இருந்தால் கோபத்தோடு பேசுங்கள். பயமாக இருந்தால் பயத்தோடு கேளுங்கள். பேச்சை மட்டும் விட்டுவிடாதீர்கள். நான் ஆமென் சொல்லாமல் விட்ட ஜெபத்தையும் அவர் கேட்டார்.

இப்போது எல்லோரும் என்னோடு சேர்ந்து ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். அவன் நம் சபை இல்லை, நம் சனம் இல்லை. அவன் சுமந்தது துப்பாக்கி. அதெல்லாம் தெரிந்துதான் கேட்கிறேன். ஒரு தாய்க்கு அவன் மகன். எழும்பி நில்லுங்கள். அவன் பெயர் நிமல்.